மாடி வீட்டு கிராபிக்ஸ் கார்டு

இசக்கிராணியின் கம்ப்யூட்டர் கடையில் வாங்கியதல்ல. அவளே கட்டியது. ரேம் ஓர் ஊரிலிருந்தும், பவர் சப்ளை இன்னோர் ஊரிலிருந்தும், கேஸ் எந்த ஊரிலிருந்தென்றே தெரியாமலும் கூரியரில் வந்து இறங்கின. வரவேற்பறைத் தரையில் பழைய போர்வை ஒன்றை விரித்து, அதன் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். கிராபிக்ஸ் கார்டு மட்டும் செங்கல் கனம் கனத்தது. செருகியதும் ஒரு பக்கமாகத் தொங்கியது. அடியில் ஒரு பேனா மூடியை முட்டுக்கொடுத்து நிமிர்த்தினாள். பட்டனை அழுத்தியதும் விளக்கெல்லாம் எரிந்தபோது, பிரசவ அறை வாசலில் நின்றவளைப் போலக் கண் கலங்கினாள். அதன்பிறகு வீட்டில் இல்லாதபோதும் அதை அணைப்பதில்லை.

பகலில் அவளுக்கு வண்ணார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. ஆட்களைப் படுக்க வைத்து உள்ளே தள்ளி, மூச்சை அடக்கச் சொல்லிப் படம் எடுப்பது. "மனுசனைக் கழத்திப் பாக்க முடியாத ஏக்கத்தை வீட்டுல கம்ப்யூட்டரைக் கழத்தித் தீத்துக்கிடுதா" என்பான் அவள் கணவன் சொரிமுத்து. கயத்தாறுப் பக்கம் காற்றாலையில் வேலை பார்ப்பவன். வீட்டில் இருக்கும்போது பெரும்பாலும் தூங்குவான்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பாளையங்கோட்டைக் குடியிருப்பின் முதல் மாடியில் அவளுக்கு வேறு வாழ்க்கை. 'செம்மணல்' என்ற ஜீப் பந்தய விளையாட்டு. தேரிக்காட்டைப் போன்ற சிவப்பு மணல் மேடுகளில் நான்கு பேர் ஒரு அணியாக ஓட்ட வேண்டும். இவள் அணியில் நான்கு பேரும் பெண்கள். அணிக்கு 'நெத்திலிக் கூட்டம்' என்று பெயர் வைத்தவள் தூத்துக்குடி வினோதா. மாநில அளவில் இறுதிப் போட்டிவரை வந்துவிட்டார்கள்.

அப்படி வந்து நிற்கும் நேரத்தில்தான் ஜீப் திக்கத் தொடங்கியது.

மேட்டில் ஏறும்போது நன்றாகத்தான் ஏறும். உச்சியில் நின்று கீழே பாயும் நேரம் பார்த்துப் படம் உறையும். மறுபடி அசையும்போது ஜீப் பாறையில் மோதிக் கவிழ்ந்திருக்கும். நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. திருமண வீடியோவில் தாலி கட்டும் இடத்தை மட்டும் வெட்டி எறிந்ததைப் போல.

"யக்கா, கோவப்படாதீய, ஒண்ணு கேக்கேன்" என்றாள் வினோதா ஹெட்செட்டில். "மானிட்டர் வயரை கிராபிக்ஸ் கார்டுல சொருகாம மதர்போர்டுல சொருகிட்டீயளோ?"

கார் ஓட்டுகிறவரிடம் சாவி போட்டீர்களா என்று கேட்பதற்குச் சமமான கேள்வி அது. "என்னைப் பாத்தா எப்படிட்டி இருக்கு உனக்கு?" என்று சீறினாள் இசக்கிராணி. சீறிவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு, மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சரியாகத்தான் சொருகியிருந்தாள்.

"அப்பம் படத்தோட தரத்தைக் குறைச்சு வச்சு ஆடுங்க."

"குறைச்சு வச்சு ஆடுததுக்கா இந்தச் செங்கலைத் தூக்கி உள்ள வச்சிருக்கேன்? மணல்ல காத்து போன தடம் தெரியணும் எனக்கு."

அதன்பின் அவள் செய்யாத வைத்தியம் இல்லை. தூசியை ஊதினாள். பிராசசர் மேல் காய்ந்திருந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினாள். ரேமைக் கழற்றி இடம் மாற்றிச் சொருகினாள். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். விண்டோஸையே துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். சூடுதான் காரணம் என்று நினைத்துக் கேஸின் பக்கக் கதவைத் திறந்து டேபிள் ஃபேனை அதன் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வேர்க்குது" என்றான் சொரிமுத்து பாயிலிருந்து.

"அதுக்கும் வேர்க்குது."

"அது ஒரு தடவையாவது உனக்குக் கடைக்குப் போயிட்டு வந்துருக்கா?"

வினோதம் என்னவென்றால், இசக்கிராணி விடுப்பு எடுத்துப் பகலில் சோதித்தால் ஜீப் பறந்தது. சாயங்காலமானால் திக்கியது. மாலையில் எல்லா வீட்டிலும் மிக்ஸியும் டி.வி.யும் ஓடுவதால் மின்னழுத்தம் குறைகிறதோ என்று யு.பி.எஸ். வாங்கி வைத்தாள். பலனில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அருமையாக ஓடியது. மதியத்துக்கு மேல் மறுபடி திக்கல். கம்ப்யூட்டர் நாள் கிழமை பார்க்கிறதென்று முதல் முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

கடைசியில் தன்மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு மேலப்பாளையம் காஜா மைதீனைக் கூப்பிட்டாள். காஜா கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். பேசிக்கொண்டே வேலை செய்வான், வேலையே இல்லாவிட்டாலும் பேசுவான். ஒரு சனிக்கிழமை மதியம் வந்து உட்கார்ந்தான். அவள் செய்தவற்றையெல்லாம் சொல்லக் கேட்டுவிட்டு, "நீங்க கடை வச்சிருந்தா எனக்குப் பொழப்பு போயிருக்கும்க்கா" என்றான்.

விளையாட்டை ஓடவிட்டு அவன் பக்கத்தில் தன் மடிக்கணினியைத் திறந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்தினான். அவன் பேச்சை நிறுத்தினால் விஷயம் பெரியது.

"யக்கா, உங்க கார்டுல பாதியை வேற எவனோ திங்கான்."

"வைரஸா?"

"பேரே இல்லாத ஒரு வேலை ஓடுது. நான் முதல்ல அடுத்தவன் கம்ப்யூட்டர்ல திருட்டுத்தனமா டிஜிட்டல் காசு தோண்டுத கூட்டம்னு நெனச்சேன். அப்படின்னா கணக்கு வெளிநாட்டுக்குல்லா போகணும்? இது அமெரிக்காவுக்கும் போகல, சைனாவுக்கும் போகல. இந்தக் கட்டடத்துக்குள்ளயேதான் போகுது. படம் படமா வருது, படம் படமா போகுது."

"வெட்டி விடு."

காஜா வெட்டினான்.

திரையில் ஜீப் மேட்டின் உச்சியிலிருந்து பாய்ந்தது. ஒரு திக்கல் இல்லை. எண்ணெயில் வழுக்குவதைப் போல இறங்கியது. சக்கரத்துக்குப் பின்னால் மணல் விசிறியாய் எழுந்து, ஒவ்வொரு துகளிலும் வெயில் பட்டு மின்னியது. இசக்கிராணி கைதட்டக் கையைத் தூக்கினாள்.

வாசலுக்கு வெளியே மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கூடவே ஒரு ஆள் "ஏசுவே!" என்று கத்தினார்.

இருவரும் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள். படியின் திருப்பத்தில் கீழ் வீட்டு தேவசகாயம் உட்கார்ந்த நிலையில் கிடந்தார். சுற்றிலும் மொட்டை மாடியிலிருந்து எடுத்து வந்த உலர்ந்த துணிகள். முழங்கையில் ரத்தம். வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். மூக்கில் அந்தத் தடித்த கறுப்புக் கண்ணாடி அப்படியே இருந்தது.

தேவசகாயம் புதிய பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். தென்காசி, செங்கோட்டை, பாபநாசம் என்று அவர் சொன்னால் பஸ் வருவதற்கு முன்பே ஊர் வந்துவிடும். அப்படி ஒரு குரல். கல்லூரிக் காலத்திலேயே பார்வையை இழந்தவர். சில மாதங்களுக்கு முன்புதான் அந்தச் செயற்கைப் பார்வைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடமாடத் தொடங்கினார். அவர் கைக்கோலைப் பரணில் போட்ட அன்று குடியிருப்புக்கே லட்டு கொடுத்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"படக்குன்னு கரண்டு போன மாதிரி போயிட்டும்மா. ஒண்ணுமே தெரியல. கால் வச்ச இடத்துல படி இல்ல."

காஜாவின் முகம் வெளுத்தது. அவன் இசக்கிராணியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் திரும்பி உள்ளே ஓடினான். கீ போர்டில் தட்டும் சத்தம் கேட்டது.

"வந்துட்டு" என்றார் தேவசகாயம், ஆச்சரியமாக. "வந்துட்டு, வந்துட்டு. உன் சேலை பச்சை."

அவருடைய மனைவி ஸ்டெல்லா கீழேயிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தாள். கையெல்லாம் முறுக்கு மாவு. வலது கையால் கணவனைத் தூக்கியபடியே இடது கையால் முந்தானையை இழுத்து முகத்தின் இடப் பக்கத்தை மூடிக்கொண்டாள். அவள் எப்போதும் அப்படித்தான் என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கீழ் வீட்டில் காயத்துக்கு மருந்து வைத்து, எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்த பிறகு காஜா விஷயத்தைச் சொன்னான்.

"அண்ணாச்சி, உங்க கண்ணாடியில ரெண்டு கேமராதான் இருக்கு. அது பாக்கத உங்க மூளைக்குப் புரியுத மாதிரி மாத்திக் குடுக்கப் பெரிய மெஷின் வேணும். அதை மூக்குல மாட்டிக்கிட்டு அலைய முடியுமா? தூரத்து ஊர்ல வச்சு மாத்தி அனுப்புனா சொல்ப நேரம் பிந்தும். பிந்துனா என்ன ஆவும்? பஸ் மோதுன பெறவுதான் பஸ் வருதுன்னு தெரியும். அதனால கம்பெனிக்காரன் ஒரு வழி பண்ணிருக்கான். நீங்க எங்க இருக்கீயளோ அங்கன பக்கத்துல எவன் வீட்டுல பெரிய கார்டு இருக்கோ, அதுல பாதியை எடுத்துக்கிடுதான். பஸ் ஸ்டாண்டுல நின்னா அங்கன ஒருத்தர் கார்டு. சர்ச்சுல இருந்தா அந்தத் தெருவுல ஒருத்தர் கார்டு. வீட்டுல இருந்தா..." கையை மேலே காட்டினான்.

"என்கிட்ட யாரும் கேக்கவே இல்லியே" என்றாள் இசக்கிராணி.

"கேட்டுருப்பான்க்கா. டிரைவர் போடும்போது நீளமா ஒண்ணு வந்துருக்கும். கீழ சம்மதம்னு இருந்துருக்கும்."

வந்தது. அவளும் தட்டினாள். உலகத்தில் அதைப் படித்துப் பார்த்தவர் யார்?

தேவசகாயம் காப்பியைக் கீழே வைத்தார். "உங்களுக்குன்னே தனியா மெஷின் ஓடுதுன்னுல்லா என்கிட்ட சொன்னான்."

"தனியாத்தான் ஓடுது. மாடியில."

காஜாவின் வேடிக்கை எடுபடவில்லை. தேவசகாயத்தின் முகம் சுருங்கியது. "அப்பம் இவ்வளவு நாளும் நான் உங்க வீட்டு மேசையில இருந்துதான் பாத்தேனா? நீங்க சுவிட்சை அணைச்சா என் கண்ணு அணைஞ்சிரும். அப்படித்தான?"

"அணைச்சாலும் அடுத்த மெஷினைத் தேடிப் புடிச்சுக்கிடும் அண்ணாச்சி. ஆனா புடிக்குத வரைக்கும் இருட்டுதான். புடிச்சாலும் இந்த வட்டாரத்துல மத்ததெல்லாம் சும்மா ஆபீஸ் கம்ப்யூட்டர். வெறும் கோடு கோடாத்தான் தெரியும். அக்காவோடதுதான் பெருசு."

இசக்கிராணிக்குப் பெருமைப்படுவதா வருந்துவதா என்று தெரியவில்லை. ஒருவருடைய கண்ணைத் தான் இத்தனை நாள் வைரஸ் என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் விண்டோஸைத் துடைத்துப் போட்ட அந்தச் சாயங்காலம் இவர் என்ன பாடுபட்டிருப்பார்?

"அண்ணாச்சி, சாயங்காலம் நான் விளையாடும்போது உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா?"

தேவசகாயம் யோசித்தார். "தெரியும். எல்லாம் வெள்ளையடிச்ச மாதிரி ஆயிரும். காலையில செவத்துல வெடிப்பு இருக்கும், சாயங்காலம் இருக்காது. பொழுது சாஞ்சா கண்ணு அப்படித்தான் போல இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அதுதான்" என்றான் காஜா உற்சாகமாக. "கார்டு சும்மா இருந்தா உள்ளது உள்ளபடி தெரியும். அக்கா ஆட ஆரம்பிச்சா நெருக்கடி. அப்பம் அது என்ன செய்யும்னா, மேலோட்டமா வடிவத்தை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை அதுவே இட்டு நெரப்பிரும். கேம்ஸ்லயும் இந்த வேலை உண்டு. செவருன்னா சும்மா ஒரு செவரு. சட்டைன்னா கறை இல்லாத சட்டை. மூஞ்சின்னா மொழுமொழுன்னு ஒரு மூஞ்சி."

"அப்பம் நான் சாயங்காலம் பாக்கது நெசம் இல்லியா?"

"முக்காவாசி நெசம் அண்ணாச்சி. மிச்சம் அதோட கைச்சரக்கு."

சமையலறை வாசலில் நின்றிருந்த ஸ்டெல்லா ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் உள்ளே போனாள்.

காஜா கிளம்பும்முன் வழியும் சொன்னான். "ஒண்ணும் பெரிய விஷயம் இல்லக்கா. விளையாட்டுல படத்தோட தரத்தைக் குறைச்சிருங்க. உங்க ஜீப்பும் திக்காது, அண்ணாச்சிக்கும் உள்ளபடி தெரியும். ரெண்டு பேருக்கும் தாராளம்." மணலில் காற்றுத் தடத்தை இழக்கத்தான் வேண்டும். போனால் போகிறதென்று இசக்கிராணி தலையாட்டினாள்.

அரை மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஸ்டெல்லா ஒரு டப்பா முறுக்கோடு நின்றாள். உள்ளே வந்து, சொரிமுத்து தூங்குகிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"இசக்கி, அந்தத் தரத்தைக் குறைக்காத."

"ஏங்க்கா?"

ஸ்டெல்லா முந்தானையை விட்டாள். இடது கண்ணுக்குக் கீழே தொடங்கிக் கன்னம் முழுவதும் பரவிக் கழுத்துக்குள் இறங்கியது தழும்பு. சின்னப் பெண்ணாக இருந்தபோது சிப்ஸ் கடையில் வாணலி சரிந்தது என்று குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். ஒரே தளத்துக்கு மேலும் கீழுமாக இத்தனை காலம் இருந்தும் இசக்கிராணி அதை முழுதாகப் பார்த்தது இப்போதுதான்.

"அவ்வொ என்னைக் கட்டும்போது அவ்வொளுக்குக் கண்ணு இல்ல. சின்னதா ஒரு தழும்பு இருக்குன்னு சொன்னேன். சின்னதா. அதுக்குப் பெறவு அந்தப் பேச்சே எங்களுக்குள்ள வரல. இப்பம் கண்ணாடி வந்துட்டு. நான் சந்தோசப்படணும் இல்லியா? சர்ச்சுல சாட்சியெல்லாம் சொன்னேன். ஆனா அன்னையில இருந்து நான் என் வீட்டுலயே முக்காடு போட்டுக்கிட்டு அலையுதேன். சாப்பாடு வைக்கும்போது ஒரு பக்கமாத் திரும்பி நிக்கேன். தூங்கும்போது செவத்தைப் பாத்துத் தூங்குதேன்."

"அக்கா..."

"நீ விளையாடும்போது மூஞ்சியெல்லாம் மொழுமொழுன்னு தெரியும்னு அந்தத் தம்பி சொன்னான்லா? அப்பம் அந்த நேரமாவது நான் நிமிர்ந்து நின்னுக்கிடுவேன். நீ ஓட்டும்போது போடுத சத்தம்தான் கீழ வரைக்கும் கேக்குமே. உன் சத்தம் கேட்டா நான் தெரிஞ்சுக்கிடுவேன். இருக்கதுலயே பெரிய படமா வச்சு விளையாடு, என்ன? உனக்குப் புண்ணியமாப் போவும்."

இசக்கிராணி தினமும் எத்தனையோ பேருடைய உள்ளுறுப்பைப் படமெடுப்பவள். முகத்தைப் பார்க்காமலே ரிப்போர்ட்டைக் கொடுத்துப் பழகியவள். அன்று முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள். தலை தானாக ஆடியது.

அந்த வாரம் நெத்திலிக் கூட்டத்துக்குச் சோதனை வாரம். இசக்கிராணி தரத்தை உச்சத்தில் வைத்தாள். போதாதென்று நிழல், பிரதிபலிப்பு, தூரத்துப் பனை மரத்தின் ஓலை என்று இருப்பதையெல்லாம் ஏற்றினாள். ஜீப் முன்பைவிட மோசமாகத் திக்கியது. கவிழ்ந்தாள். பாறையில் ஏறினாள். சொந்த அணிக்காரியையே இடித்துத் தள்ளினாள். ஒவ்வொன்றுக்கும் தொண்டை கிழியக் கத்தினாள். அது நடிப்பில்லை.

"யக்கா, பழுது என்னன்னு கண்டுபிடிச்சாச்சுன்னு சொன்னீயளே?" வினோதாவின் குரலில் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சாச்சு."

"சரி பண்ணிரலாம்லா?"

"பண்ண முடியாதுட்டி. அது பழுது இல்ல."

வினோதாவுக்குப் புரியவில்லை. புரிய வைக்கவும் இசக்கிராணியால் முடியாது. ஒரு பெண்ணின் கன்னத்தைப் பற்றி மூன்று ஊர்க்காரிகளிடம் சொல்வதா? ஆனால் ஒருநாள் மாலை தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கியபோது, அணைக்காத ஆட்டம் மேலே ஓடிக்கொண்டிருக்க, கீழ் வீட்டு வாசல் திறந்திருந்தது. ஸ்டெல்லா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கணவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, முறுக்கு பிழிந்தபடியே யாரோ ஒரு கடைக்காரரைப் போல நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இசக்கிராணி குடத்தை நிறைக்காமலே மேலே வந்துவிட்டாள். அன்று நிழலின் அளவை இன்னொரு படி ஏற்றினாள்.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தொடங்குவதற்குச் சற்று முன் வினோதா தனியாக அழைத்தாள்.

"யக்கா, ஒண்ணே ஒண்ணு. எங்க வீட்டுல இதுதான் கடைசின்னு சொல்லிட்டாவ. இதுல ஜெயிச்சு அகில இந்தியப் போட்டிக்குச் சென்னைக்குப் போனா பாக்கலாம்னு அப்பா சொல்லிருக்காவ. இல்லன்னா அடுத்த மாசம் பொண்ணு பாக்க வாராங்க. உங்க வீட்டுல என்ன பிரச்சனையோ எனக்குத் தெரியாது. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பாத்துக்கிடுங்க."

முதல் சுற்றிலேயே பின்தங்கினார்கள். எதிரணி திருச்சிக்காரர்கள். பையன்கள், கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு மேட்டிலும் இசக்கிராணியின் படம் உறைந்தது. அவர்கள் சரிவில் இறங்கிப் போன பிறகு இவள் உச்சியில் விழித்தாள். இரண்டாவது சுற்றின் முடிவில் வினோதா பேசுவதையே நிறுத்தியிருந்தாள். மைக்கில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

கீழே ஒருத்தியின் சாயங்காலம். தூத்துக்குடியில் இன்னொருத்தியின் வாழ்க்கை. நடுவில் திரையின் ஓரத்தில், படத்தின் தரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சின்னப் பட்டை. இந்தப் பக்கம் தள்ளினால் ஒருத்திக்கு, அந்தப் பக்கம் தள்ளினால் மற்றவளுக்கு. இதையெல்லாம் தீர்மானிக்க நான் யார் என்று அவளுக்குக் கோபம் வந்தது. கண்ணாடிக் கம்பெனிக்காரன் மீது, சம்மதம் என்று தட்டிய தன் விரல் மீது. கோபத்தோடேயே பட்டையைப் பிடித்துக் கடைசிவரை கீழே இழுத்தாள்.

மணல் மேடு அட்டைப் பெட்டியானது. வானம் ஒரே நிறத்துக்கு மாறியது. பனை மரம் குச்சியில் சொருகிய பச்சைத் தாளாக நின்றது. ஜீப் மட்டும் பறந்தது.

"ஏ வினோதா, எந்திட்டி! வலப்பக்கம் வா! விடாத, விடாதட்டி!"

மூன்றாவது சுற்றில் எட்டிப் பிடித்தார்கள். நான்காவதில் இசக்கிராணி மேட்டின் உச்சியிலிருந்து, எதிரணியின் தலைக்கு மேலேயே பாய்ந்து இறங்கினாள். அவள் போட்ட கூச்சலில் சொரிமுத்து தூக்கத்திலிருந்து எழுந்து யார் செத்தது என்று கேட்டான். நெத்திலிக் கூட்டம் ஜெயித்தது. ஹெட்செட்டில் வினோதா அழுதாள், சிரித்தாள், பிறகு அப்பாவைக் கூப்பிட ஓடிப்போனாள்.

இசக்கிராணி ஹெட்செட்டைக் கழற்றினாள். வீடு அமைதியானதும்தான் கீழ் வீட்டு நினைவு வந்தது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவள் கத்திக்கொண்டேதான் இருந்தாள். ஸ்டெல்லா அதைக் கேட்டு முந்தானையை இறக்கியிருப்பாள். பாதி ஆட்டம் முழுக்க, உள்ளது உள்ளபடி, ஒன்றுவிடாமல் தேவசகாயம் பார்த்திருப்பார்.

படியிறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு மன்னிப்பை யோசித்துக்கொண்டு இறங்கினாள்.

கீழ் வீட்டில் ஸ்டெல்லா அடுப்படியில் நின்றிருந்தாள். தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, கன்னத்தில் மாவுத் தீற்றலோடு. இவளைப் பார்த்ததும் கண்ணடித்தாள். "ஜெயிச்சாச்சாட்டி? தெருமுனை வரைக்கும் கேட்டுருக்கும்!" அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தேவசகாயம் நாற்காலியில் அமர்ந்து மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கிராணி வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டார். "ஸ்டெல்லா, ஜெயிச்ச பிள்ளைக்கு முறுக்கு குடுத்துவிட வேண்டாமா? டப்பாவைக் குடு, நான் மேல கொண்டு வச்சிட்டு வாரேன்."

இசக்கிராணியோடு ஏறியவர் படித் திருப்பத்தில், சென்ற வாரம் விழுந்த அதே இடத்தில் நின்றார். குரலைத் தணித்தார். அறிவிப்பாளருக்கு அது சிரமமான வேலை.

"இன்னைக்கு நடுவுல ஏதோ குறைச்சீயளா?"

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. அக்காகிட்ட வாக்குக் குடுத்துட்டு..."

"அவ உங்ககிட்ட வந்து என்ன கேட்டுருப்பான்னு எனக்குத் தெரியும். காஜா சொல்லும்போதே அவ உள்ள போன வேகத்தைப் பாத்தேன்." டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "ஏம்மா, கண்ணு இல்லாதவன் பொண்டாட்டி மூஞ்சியை எப்படிப் பாப்பான்? கையாலதான? கல்யாணம் ஆன முதல் வாரத்துலயே தெரியும். சின்னத் தழும்புன்னு சொன்னா. என் உள்ளங்கை அளவு இருந்துச்சு. அதுதான் எனக்கு ஸ்டெல்லா. அந்தச் சொரசொரப்பு இல்லன்னா வேற யாரோ."

இசக்கிராணி படிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கண்ணாடி வந்த பெறவு அவ என் கையையும் முகத்துக்குக் கிட்ட விடல. பாதி மூஞ்சிதான் தெரியும், மிச்சம் சேலை. கண்ணு இல்லாதப்ப முழுசா இருந்தா. கண்ணு வந்த பெறவு பாதியாயிட்டா. போன வாரம் நீங்க விளையாடும்போது முக்காட்டை எடுத்துட்டு வந்து எதுக்க உக்காந்தா. சிரிச்சா. ஆனா நான் யாரைப் பாத்தேன் தெரியுமா? மொழுமொழுன்னு ஒருத்தி. காலண்டர்ல இருப்பாள்லா, அப்படி. குரல் மட்டும் இவ குரல். எனக்கு அங்கன இருக்கவே கூச்சமாப் போயிட்டு."

"இன்னைக்கு?"

"இன்னைக்குத் தெரிஞ்சுது" என்றார். "கையால பாத்தப்ப நான் நெனச்சிருந்த மாதிரியேதான் இருக்கா. சிரிச்சா அந்தப் பக்கம் லேசா இழுக்கும். அது மட்டும் எனக்குத் தெரியாது. அழகா இருக்கு."

கீழே ஸ்டெல்லா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே பாத்திரத்தை உருட்டுவது கேட்டது.

"அப்பம் அக்காகிட்ட சொல்லிரலாமே அண்ணாச்சி."

"சொன்ன நிமிசமே மூடிக்கிடுவா. எத்தனையோ வருசத்துப் பயம், ஒரு வார்த்தையில போவுமா? கொஞ்ச நாள் அவ இப்படியே நிமிர்ந்து நடக்கட்டும். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்னு அவளுக்கே சந்தேகம் வரட்டும். அப்பம் நானே சொல்லுவேன். ஏச்சும் வாங்கிக்கிடுவேன்." டப்பாவை அவள் கையில் கொடுத்தார். "அது வரைக்கும் ஒரு உதவி. படம் இன்னைக்கு மாதிரியே சின்னதா இருக்கட்டும். சத்தம் மட்டும் குறைஞ்சிரக் கூடாது."

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு இசக்கிராணி மேஜை முன் உட்கார்ந்தாள். பட்டையைக் கடைசிவரை கீழே இழுத்தாள். அட்டைப்பெட்டி மணல். தாள் பனை. தீப்பெட்டி அளவில் ஒரு ஜீப். பயிற்சிப் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. முந்தவும் ஆளில்லை, இடிக்கவும் ஆளில்லை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"ஏ வினோதா, விடாத! புடி, புடி, விடாதட்டி!"

ஹெட்செட்டில் தயங்கிய குரல் வந்தது. "யக்கா, நான் இன்னும் ஆட்டத்துக்குள்ளயே வரலியே."

"தெரியும்ட்டி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இசக்கிராணி மறுபடியும் தொண்டை கிழியக் கத்தினாள்.